விழாக் காசா, வெறும் தங்கமா

என் கணவர் வளைகுடா நாட்டிலிருந்து திரும்பி வந்தபோது அவருடைய வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. சட்டைப் பையில் ஒரு தங்கக் காசு இருந்தது. விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கையால் காசைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்.

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் தோணிரேவிலிருந்து வளைகுடாவுக்கு மீன் பிடிக்கப் போகும் ஆண்கள் நிறைய. இங்கே ஏரியில் செய்யும் அதே வேலைதான், ஆனால் மாதச் சம்பளம். இவரும் அப்படித்தான் போனார். ஒருநாள் கடலில் வலையை இழுக்கும் இயந்திரத்தில் கயிறு சிக்கியது. அதை எடுத்துவிடப் போன கையைக் கயிறு சுற்றிக்கொண்டது. படகு முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தார், ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார், கிளம்புகிற அன்றைக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு இந்தக் காசைக் கையில் வைத்தார். இவருக்கு அரபி பாதி, இந்தி பாதிதான் தெரியும். அதில் புரிந்துகொண்டது இதுதான்: இது எங்கள் நாட்டு விழாவுக்காக அடித்த காசு, சாதாரணக் காசு இல்லை, பத்திரமாக வைத்துக்கொள்.

நஷ்டஈடு என்று ஏதாவது கேட்டீர்களா என்றேன். அரபியில் எழுதிய ஒரு தாளில் ஏற்கெனவே கையெழுத்து வாங்கிவிட்டார்களாம், அதுவும் இடது கையால். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

காசு எங்கள் பத்து ரூபாய்க் காசைவிடச் சிறியது. ஆனால் உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். ஒரு பக்கம் பாய் விரித்த கப்பல். மறுபக்கம் அரபி எழுத்தும் அவர்கள் வருஷமும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடிக்குள் இருந்தது. என் கல்யாணப் புடவை மடிப்புக்குள் வைத்து பீரோவில் பூட்டினேன்.

முதலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கை ஆறட்டும், பிறகு ஏரிக்குப் போகலாம் என்றுதான் அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் என் கொழுந்தனார், அதாவது அவருடைய தம்பி, காசைப் படம் எடுத்துத் தன் செல்போனில் போட்டுத் தேடினார். அதே கப்பல், அதே எழுத்து போட்ட காசு ஒன்று வெளிநாட்டில் விற்பனைக்கு இருந்தது. அந்த நாட்டுப் பணத்தை நம் பணத்துக்கு மாற்றிப் பார்த்தவர் போனைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணி, இத்த வித்தா பொன்னேரில வூடே வாங்கலாம்."

அன்றிலிருந்து என் கணவர் வேறு ஆளாகிவிட்டார். கை முழுவதும் ஆறிவிட்டது. ஆனால் ஏரிக்குப் போகவில்லை. கரையில் மற்றவர்கள் வலை தைக்கும் இடத்துக்குக்கூடப் போகவில்லை. யாராவது கூப்பிட்டால், "இன்னாத்துக்கு இந்த நண்டுப் பொழப்பு? பாத்துக்கலாம்" என்று சிரிப்பார். பத்தாவது படிக்கும் என் மகள் ஒருநாள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "நைனா பீரோவுக்குக் காவல் கீதுமா" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் மீன் வியாபாரம் செய்கிறவள். காலையில் கரையில் நடக்கும் ஏலத்தில் நண்டும் இறாலும் எடுத்து, கூடையில் ஐஸ் போட்டு, பஸ் ஏறிப் பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்பேன். என்னிடம் வருகிற ஜனங்கள் ஏரி இறாலையும் பண்ணையில் வளர்த்த இறாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று என்றுதான் நினைப்பார்கள். விலை மட்டும் வேறு. போனில் பார்த்த காசும் எங்கள் காசும் படத்தில் ஒன்றாகத்தான் இருந்தன. ஆனால் இரண்டும் ஒன்றுதானா என்று யார் சொன்னது? அந்தக் கேள்வி எனக்குள் விழுந்தபிறகு அதை எடுத்து வெளியே போட முடியவில்லை.

காசைத் தொடாமல், என் போனில் இருந்த படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பொன்னேரியில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். எனக்குக் காது குத்தியதிலிருந்து தெரிந்த கடை. கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எங்களுக்குப் படம் முக்கியம் இல்லம்மா. தரம் இன்னா, எடை இன்னா, அவ்ளோதான். வாங்கினா உருக்கிடுவோம்."

"உருக்கிட்டா அந்தக் கப்பலு?"

"கப்பலும் உருகிடும்."

நகைக்கடன் வாங்கலாமா என்று வங்கியிலும் விசாரித்தேன். நகையாக இருந்தால் எடுத்துக்கொள்வோம், வங்கியிலேயே விற்ற காசாக இருந்தாலும் பார்க்கலாம், இது இரண்டிலும் சேராது என்றார் அங்கிருந்த அலுவலர். மறுபடியும் நகைக்கடைக்கே வந்து கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் அப்போதுதான் கொஞ்சம் அக்கறையாக உட்கார்ந்து பேசினார். தங்கக் காசில் இரண்டு ஜாதி உண்டாம். விழாவுக்காக, நினைவுக்காக அடிக்கிறது ஒன்று. ஜனங்கள் தங்கமாகச் சேர்த்து வைப்பதற்கென்றே அடிக்கிறது இன்னொன்று. முன்னது என்றால் சேகரிக்கிறவர்கள் தங்க விலைக்கு மேலே பல மடங்குகூடக் கொடுப்பார்களாம். பின்னது கட்டித் தங்கம் மாதிரிதானாம்.

"உன்னுது எதுனு என்னால சொல்ல முடியாது. பாரிமுனைப் பக்கம் காசு வியாபாரம் பண்றவங்க இருக்காங்க. காசைக் கையோட எடுத்துகினு போ. படத்த பாத்து எவனும் சொல்ல மாட்டான்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் முகம் இறுகிவிட்டது.

"கடக்காரன் கைல குடுத்தா மாத்திடுவான்."

"குடுக்க வேணாம். நீயே புடிச்சுக்கோ. நானும் கூட வரேன்."

"இப்போ தெரிஞ்சுகினு இன்னா பண்ணப் போற?"

"தெரியாம ஒக்காந்துகினு கீறமே, அத்த நிறுத்தலாம்."

அவர் வெளியே போய் வாசலில் நின்றுகொண்டார். நான் விடவில்லை. மறுநாள் கூடை கட்டும்போது கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். கத்தவில்லை, அழவும் இல்லை. "எப்போ போலாம்?" என்று மட்டும் கேட்பேன். சில நாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவார். கொழுந்தனார்கூட என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வுடுங்க அண்ணி, அண்ணனுக்கு அது ஒண்ணுதான் தெம்பு" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்தத் தெம்பு என் கணவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தின்றுகொண்டிருந்ததை நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் சாப்பிடும்போது அந்தக் கையைத் துண்டால் மூடிக்கொள்வார். வீட்டுக்குள்ளேயே, எங்கள் எதிரிலேயே.

ஒரு ஞாயிறு கழிந்து, திங்கட்கிழமை காலை நான் ஏலத்துக்குக் கிளம்பும்போது அவர் சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"இன்னிக்குக் கூடை வேணாம். கெளம்பு. போயிட்டு வந்துடலாம். உன் வாய அடைக்கணும்."

பொன்னேரியில் ரயில் ஏறினோம். வழி முழுக்க இடது கையால் சட்டைப் பையை அழுத்திக்கொண்டே வந்தார். வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. எண்ணூர் தாண்டும்போது, "வூடு வாங்குனா ரயிலுக்குப் பக்கத்துல வேணாம், சத்தம்" என்றார். நான் சரி என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. மாடிப்படி உள்ள வீடு, துணி காயப்போட மொட்டை மாடி என்று நானும் மனதுக்குள் கட்டிக்கொண்டுதான் வந்தேன்.

விசாரித்து விசாரித்து அந்தக் கடையைக் கண்டுபிடித்தோம். குறுகலான மாடிக்கட்டு ஏறிப் போனால் ஒரே ஓர் அறை. கண்ணாடி மேசைக்குள் வெள்ளியும் செம்புமாகக் காசுகள். உட்கார்ந்திருந்தது என் வயதுப் பெண்மணி. கடை அவருடையதுதான். எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். விற்க வந்தீர்களா, கேட்க வந்தீர்களா என்றார். கேட்க என்றேன்.

என் கணவர் காசை மேசையில் வைத்தார். விரலை எடுக்கவில்லை. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "நீங்களே புடிச்சுக்கோங்க, வெளக்கு பக்கம் மட்டும் கொஞ்சம் சாச்சுக் காட்டுங்க" என்றார். அவர் சாய்த்தார். அந்த அம்மாள் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"குடுக்கும்போது பெட்டி எதனா இருந்துச்சா? கூட ஒரு அட்டை, இது இத்தனாவது காசுன்னு எழுதினது?"

"இல்ல. இதோ, இந்த மூடி மட்டுந்தான்" என்றார் என் கணவர்.

அந்த அம்மாள் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு சின்ன மரப் பெட்டியை எடுத்து வந்தார். அதற்குள் வேறு ஏதோ நாட்டுத் தங்கக் காசு. அதை எங்கள் காசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இத பாருங்க. காசோட தரை கண்ணாடி மாதிரி கீது, உங்க மூஞ்சி தெரியும். அதுமேல படம் மட்டும் பனி படிஞ்சாப்ல இருக்கு பாருங்க. இப்படி ஒவ்வொண்ணா மெருகு போட்டு, இவ்வளவுதான்னு சொல்லிக் கொஞ்சமா அடிப்பாங்க. அடிச்சு விக்கும்போதே தங்கத்தோட விலையவிட ரொம்ப ஜாஸ்தி வெப்பாங்க. இதத்தான் நெனைவுக் காசுன்னு தேடி வாங்குவாங்க. இப்போ உங்களுது பாருங்க."

எங்கள் காசு அழகாகத்தான் இருந்தது. ஆனால் தரையும் கப்பலும் ஒரே மினுமினுப்பு. முகம் தெரியவில்லை.

"போன்ல நீங்க பாத்தது இந்தக் கப்பலோட மெருகு போட்ட காசா இருக்கும். ஒரே படத்துல ரெண்டு விதமாவும் அடிப்பாங்க. உங்களுது ஜனங்க தங்கம் சேக்கறதுக்கு அடிச்சது. எத்தனை பேர் கேட்டாலும் அடிச்சுக் குடுப்பாங்க. அன்னிய தங்க விலை, மேல கொஞ்சம் செய்கூலி."

எனக்கு ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. "விழாவுக்குன்னு அதுலயே எழுதி கீதாமே?" என்றேன்.

"எழுதிதான் இருக்கு. எழுதிட்டதால மட்டும் நெனைவுக் காசு ஆயிடாதும்மா. ரெண்டுக்கும் நடுவுல நிக்கற காசும் உண்டு. தங்கத்துக்குன்னு அடிச்சு, அந்த வருஷம் கம்மியா அடிச்சதால பின்னாடி விலை ஏறும். அதுல எங்களுக்குள்ளயே சண்டை வரும். உங்களுதுல அந்த சந்தேகமே இல்ல. இதே காசு எங்கிட்ட வந்து போயிருக்கு. தங்க விலைக்குதான் வாங்கினேன், தங்க விலைக்குதான் குடுத்தேன். வேணும்னா இன்னும் நாலு கடைல கேளுங்க, நானே எடம் சொல்றேன்."

என் கணவர் காசை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார். "அப்போ எங்க மொதலாளி பொய் சொன்னாரா?"

"இன்னா சொன்னாரு?"

"விழாவுக்கு அடிச்சது, பத்திரமா வெச்சுக்கோனு."

"ரெண்டும் நெசந்தானே. நெறைய வெல போகும்னு சொன்னாரா?"

அவர் யோசித்தார். "இல்ல," என்றார். "அத்த நாங்களா சொல்லிகினோம்."

அதன்பிறகு ஒரு காரியம் செய்தார். பாக்கெட்டிலிருந்து வலது கையை வெளியே எடுத்து, மிச்சமிருந்த விரல்களால் காசைப் பற்றி எடுத்தார். வழுக்கி மேசையில் விழுந்தது. மறுபடி எடுத்தார். அந்த அம்மாளும் நானும் உதவிக்குக் கை நீட்டவில்லை. ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்நியர் எதிரில் அந்தக் கையை அவர் வெளியே எடுத்தது அதுதான் முதல் தடவை.

திரும்பும் ரயிலில் அவர் சட்டைப் பையை அழுத்திப் பிடிக்கவில்லை. நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாமென்று வாயைத் திறந்து திறந்து மூடினேன். அவர் அழுதால்கூடத் தேவலை என்றிருந்தது. இப்படி இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டாமோ என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணமே, இல்லை, வந்ததுதான் சரி என்று தோன்றியது. பொய்யான வீட்டுக்குள் இன்னும் எத்தனை நாள் குடியிருப்பது?

பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கியதும் பஸ் நிற்கும் பக்கம் திரும்பினேன். அவர் கடைத்தெருப் பக்கம் நடந்தார்.

"எங்க போற?"

"உன் நகைக்கடைக்கு. இப்பவே முடிச்சுடலாம்."

"அவசரம் இன்னா? வூட்டுக்குப் போயி யோசிச்சு..."

"வூட்டுக்கு எடுத்துகினு போனா மறுபடியும் அது வேற காசாயிடும். நான் மறுபடியும் ஒக்காந்துடுவேன்." நின்று என் முகத்தைப் பார்த்தார். "தங்கம்னா தங்கமாவே இருக்கட்டும். வா."

கடைக்காரர் மூடியைப் பிரித்துக் காசை இயந்திரத்தில் வைத்துத் தரம் பார்த்தார், எடை போட்டார், அன்றைய விலையைச் சொன்னார். பாரிமுனை அம்மாள் சொன்ன கணக்குக்குச் சரியாகவே இருந்தது. வீடு வாங்கும் பணம் இல்லை. அதற்காக அற்பமும் இல்லை. உடைந்த வளையல், ஒற்றைக் கம்மல் எல்லாம் கிடந்த தட்டில் கடைக்காரர் காசைப் போட்டார். என் கணவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் பணத்தை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

அந்தப் பணத்தில் புது நண்டு வலைகள் வாங்கினோம். கொழுந்தனாரின் பைபர் படகுக்கு இன்ஜினைச் சரிசெய்து அதில் ஒரு பங்கு சேர்ந்துகொண்டோம். வாங்குவது சுலபமாக இருந்தது. பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது.

வலையில் சிக்கிய நண்டை எடுப்பதற்கு ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும்தான் வேலை செய்யும். இடது கையால் செய்து பார்த்தார். நண்டு கடித்தது. கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு மறுபடி எடுத்தார். வலையைக் கிழித்துக்கொண்டு எடுத்த நாள்களும் உண்டு. அந்தக் கிழிசலை நானும் மகளும் தைத்தோம். மூங்கில் கழியை ஊன்றிப் படகு தள்ளும்போது பிடி வழுக்கியது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கழியில் இறுக்கமாகச் சுற்றினார். அதுவும் வழுக்கியது. கயிற்றைச் சுற்றி அதன்மேல் டியூபைச் சுற்றினார். நின்றது. யாரையும் கேட்கவில்லை. கரையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்ப் பழகினார். பிறகு ஆள் இருக்கும் நேரத்திலேயே போனார்.

எங்கள் ஏரியில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதற்கு ஊர் முறை இருக்கிறது. பாடு என்போம். இவர் வெளிநாடு போனதிலிருந்து இவருடைய முறையை வேறொருவர் பார்த்துவந்தார். ஊர்க்கூட்டத்தில் இவர் எழுந்து தன் முறை தனக்கு வேண்டும் என்றார். ஒருவர் தயங்கித் தயங்கி, "உனக்கு நோகணும்னு சொல்லலபா. அந்தக் கையோட வலை கட்டி நேரத்துக்கு எடுக்க முடியுமா? நீ லேட் பண்ணா அடுத்தவனுக்கு நஷ்டம்" என்றார். நியாயமான பேச்சுத்தான். நான் பெண்கள் உட்காரும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். இவர் என்ன சொல்வாரோ என்று எட்டிப் பார்த்தேன்.

இவர் வலது கையை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினார். "இதான் கை. இனிமே வளரப்போறது இல்ல. ஒரு சுத்து குடுத்துப் பாருங்க. நேரத்துக்கு எடுக்கலன்னா நானே வுட்டுடறேன்."

கொடுத்தார்கள்.

அவருடைய முறை வந்த அன்று கொழுந்தனாரும் அவரும் போனார்கள். நான் வியாபாரத்துக்குப் போகாமல் கரையிலேயே நின்றேன். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. அடுத்த முறைக்காரர்கள் படகில் சாய்ந்தபடி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் முடியும் தறுவாயில் எங்கள் படகு வந்தது. தம்பி முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்று கழி தள்ளிக்கொண்டு வந்தது இவர்.

நிறையக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. நண்டு ஒரு கூடை நிறைய, கொஞ்சம் மடவை மீன். இத்தனை நாளும் ஏலத்தில் மற்றவர் கூடைக்கு விலை கேட்டுக் குரல் கொடுத்தவள் நான். அன்றைக்கு விற்கிறவர்கள் பக்கம் போய் நின்றேன். ஏலம் விடுகிறவர் கூடையைத் தட்டிப் பார்த்து, "நண்டு தெளிவா கீது. யாருதும்மா?" என்றார்.

"எங்க வூட்டுக்காரருது" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. மண்டிபோட்டு உட்கார்ந்து, அடுத்த முறைக்காரர்களுக்கு இடம்விட்டு, வலையை உதறிக் கழுவிக்கொண்டிருந்தார்.